பார்லிய வடிகட்டிட்டு கீழ கொட்டாதீங்க

கத்திரி ஆரம்பிச்சா எங்க வீட்ல அடுப்புல மொதல்ல ஏறுறது பார்லி தான். அம்மா ரெண்டு கைப்பிடி பார்லிய கழுவி பெரிய பாத்திரத்துல போட்டு, நெறைய தண்ணி ஊத்தி, முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுவாங்க. அப்புறம் உப்பு, கொஞ்சம் மோர், மோர் இல்லன்னா அரை எலுமிச்சம்பழம், ஆளுக்கு ஒரு டம்ளர். மடிப்பாக்கத்துல எங்க தெருவுல பல வீட்ல இதே கதை தான். நீர்க்கடுப்பு வந்தா பார்லி, கால் வீங்கினா பார்லி, ஸ்கேன்ல கல்லுன்னு வந்தா பார்லி.

தண்ணி குடிக்கிறதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. அதுக்கப்புறம் வடிகட்டில நிக்குதே அந்த வெந்த பார்லி, நல்லா உப்பி, வழுவழுன்னு, ஒவ்வொரு மணிக்கும் நடுவுல ஒரு பழுப்பு கோடு ஓடிட்டு, அத "சக்கை"ன்னு சொல்லி குப்பைல கொட்டுறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. சோத்த வடிச்சு கஞ்சிய மட்டும் குடிச்சிட்டு சோத்த யாராவது கொட்டுவாங்களா? நானும் இத வருஷக்கணக்கா பாத்துட்டு சும்மா தான் இருந்தேன். மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு சுகர் ஏறி, டயட்டீஷியன் "மதியம் சாதத்த பாதியா கொறைங்க, அந்த பாதிக்கு முழு தானியம் ஏதாவது வைங்க"ன்னு சொன்னப்போ தான் பார்லிய மருந்து டப்பால இருந்து எடுத்து சாப்பாட்டு டப்பால வெக்கணும்னு எனக்கு தோணிச்சு. அன்னைலேர்ந்து இத பத்தி படிச்சது, சமைச்சு பாத்தது, ஒரு தடவ பெருசா தப்பு பண்ணது எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு தான் இந்த பதிவு.

பேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்த பேர் எனக்கு ரொம்ப பிடிக்கும். தமிழ்ல இதுக்கு வாற்கோதுமைன்னு பேர். வால் இருக்குற கோதுமை. புஸ்தகத்துல படிச்சப்போ ஏன் வால்னு புரியல, கூட வேல பாக்குற ஒரு பொண்ணு ஜெய்ப்பூர் பக்கம் ஊருக்கு போயிட்டு வரும்போது எனக்காக ரெண்டு கதிர் கொண்டு வந்தா, அத கைல வாங்கின உடனே புரிஞ்சிடுச்சு. ஒவ்வொரு மணியோட நுனிலயும் கதிர விட நீளமா ஒரு முடி. கீழ இருந்து மேல தடவினா பட்டு மாதிரி போகுது, மேல இருந்து கீழ தடவினா ரம்பம் மாதிரி விரல்ல பிடிக்குது. கோதுமைலயும் இந்த மாதிரி முடி உண்டு தான், ஆனா பார்லியோடது நல்ல நீளம்.

அவ கொண்டு வந்த ரெண்டும் ரெண்டு வகை. ஒண்ணு தட்டையா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை மணி. இன்னொண்ணு உருண்டையா, மேல இருந்து பாத்தா நட்சத்திரம் மாதிரி ஆறு வரிசை. பார்லி கதிர்ல ஒவ்வொரு கணுலயும் மூணு பூ வருமாம், மூணும் மணி பிடிச்சா ஆறு வரிசை, நடுவுல இருக்குறது மட்டும் பிடிச்சா ரெண்டு வரிசை. ரெண்டு வரிசைல மணி எல்லாம் ஒரே அளவா கொழுகொழுன்னு இருக்கும், அதனால மால்ட் (முளைக்க வெச்சு காய வெச்ச பார்லி) போடுறவங்களுக்கு அது தான் வேணும், எல்லா மணியும் ஒரே நேரத்துல முளைக்கணுமில்ல. ஆறு வரிசைல ஓரத்து மணிங்க கொஞ்சம் சின்னதா முறுக்கிட்டு இருக்கும். நம்ம நாட்ல காலங்காலமா சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் போட்டது பெரும்பாலும் ஆறு வரிசை தான். ராஜஸ்தானும் உத்தரப்பிரதேசமும் தான் வெளைச்சல்ல முக்கியம், குளிர் ஆரம்பத்துல வெதச்சு மார்ச் ஏப்ரல்ல அறுப்பாங்க. கோதுமைய விட தண்ணி கம்மியா கேக்கும், உப்பு மண்லயும் தாக்கு பிடிக்கும். கர்னால்ல இருக்குற கோதுமை பார்லி ஆராய்ச்சி நிலையம் புது ரகங்கள் விட்டுட்டே இருக்கு.

இதெல்லாம் கடைக்கு போறவங்களுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. நெசம் தான், கடைல யாரும் ரெண்டு வரிசையா ஆறு வரிசையான்னு சொல்ல போறதில்ல. கடைல பாக்க வேண்டியது வேற, உமி.

கோதுமைய போரடிச்சா உமி தனியா பறந்துடும். பார்லில அப்படி இல்ல, நெல்லு மாதிரி உமி மணியோடவே வரும், அதுவும் நெல்லு உமிய விட மோசமா பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கும். அத கல்லுல தேச்சு தேச்சு தான் எடுக்கணும். உமி மட்டும் போற அளவுக்கு லேசா தேச்சா கொஞ்சம் பழுப்பா, தவிடு ஒட்டிட்டு இருக்கும், வேக நேரமாகும், ஆனா சத்து ஜாஸ்தி. இன்னும் தேச்சு தவிடையும் எடுத்து வெள்ளையா உருண்டையா ஆக்கினா அது தான் நம்ம மளிகை கடை பாக்கெட்ல "பேர்ல் பார்லி"ன்னு போட்டிருக்குற முத்து பார்லி. நம்ம ஊர் பாஷைல சொன்னா தீட்டின பார்லி. இது ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு வகை உண்டு, பொறப்புலயே உமி ஒட்டாத பார்லி, போரடிச்சாலே உமி கழண்டுடும். லடாக் பக்கம் சாப்பாட்டுக்கு வெளையிறது அது தான், அத சூடான மணல்ல வறுத்து (நம்ம ஊர்ல பொரி வறுக்குற அதே முறை) மாவா அரைச்சு வெச்சுப்பாங்க, வெண்ணெய் டீல கலந்து உருண்டை பிடிச்சு சாப்பிடுவாங்க. திபெத்ல அதுக்கு சம்பான்னு பேர். ஆன்லைன்ல வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, "ஹல்டு"ன்னு போட்டா உமி எடுத்தது, "ஹல்லெஸ்"னு போட்டா உமி ஒட்டாத ரகம், பேரு ஒரே மாதிரி இருக்குறதால நான் ரெண்டு தடவ மாத்தி வாங்கினேன்.

எனக்கு லேசா தீட்டினது கெடைக்கிறது சௌகார்பேட்டைல. மின்ட் ஸ்ட்ரீட் பக்கத்து கடைங்கள்ல பார்லின்னு கேட்டா முத்து பார்லி எடுத்து குடுப்பாங்க, "ஜவ்"னு பார்லியோட இந்தி பேர சொல்லி கேட்டா தான் உள்ள இருந்து பழுப்பு வரும். அங்கயே ஜவ் மாவும் கெடைக்கும், ஜவ் சத்துவும் (வறுத்து அரைச்ச மாவு) கெடைக்கும். ஆனா உமியோட இருக்குறத வாங்கிடாதீங்க, அது ஹோமத்துக்கும் வெதைக்கும் போறது, எவ்வளவு வேக வெச்சாலும் தொண்டைல குத்தும். இன்னொண்ணு, ஜவ்னு பேர் இருக்குறதால ஜவ்வரிசியும் இதுவும் சொந்தம்னு எங்க பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தாங்க. சம்பந்தமே கெடையாது. ஜவ்வரிசி சேலம் பக்கம் மரவள்ளி கிழங்கு மாவுல பண்றது, அதுல நார்ச்சத்து இல்லன்னே சொல்லலாம்.

இப்போ முக்கியமான விஷயம். அரிசில நார் பெரும்பாலும் தவிட்டுல தான், தீட்டினா போச்சு. பார்லில பீட்டா குளூக்கன்னு ஒரு நார் இருக்கு, தண்ணில கரையிற வகை, அது தவிட்டுல மட்டும் இல்லாம மணி முழுக்க உள்ளுக்குள்ளயே பரவி இருக்கு. அதனால தீட்டின முத்து பார்லிலயும் கணிசமா மிச்சம் இருக்கும். 100 கிராம் பச்சை (வேக வெக்காத) முத்து பார்லில சுமார் 15 கிராம் நார்ச்சத்து, 10 கிராம் புரதம். வெள்ளை அரிசில நார் மூணு கிராம் கிட்ட தான் அதிகபட்சம். பார்லி வெந்த தண்ணி ஆறினா கூழ் மாதிரி கெட்டி ஆகுதே, வழுவழுன்னு நூல் விடுற மாதிரி, அதுல இந்த பீட்டா குளூக்கனும் இருக்கு. வயித்துக்குள்ளயும் இதே மாதிரி கெட்டியா நின்னு சாப்பாடு மெதுவா நகர வைக்குது, சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறுது. கொலஸ்ட்ரால் கதை இன்னும் அழகு. ஈரல் பித்தநீர் அனுப்புது, வழக்கமா அதுல பெரும்பகுதி குடல்ல இருந்து திரும்பி ஈரலுக்கே போயிடும், இந்த நார் அத பிடிச்சு வெளிய கொண்டு போயிடுது, அப்போ ஈரல் புதுசா பித்தநீர் பண்ண ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரால எடுத்து செலவழிக்குது. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 1997-ல ஓட்ஸுக்கு குடுத்த இதய நலம் பத்தின லேபிள் அனுமதிய 2006-ல பார்லிக்கும் சேத்து குடுத்தது, கணக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன். பச்சை பார்லியா பாத்தா அது தோராயமா 60-லிருந்து 75 கிராம், ரகத்த பொறுத்து மாறும்.

தண்ணில கொஞ்சம் கரைஞ்சு வரும், இல்லன்னு சொல்லல. ஆனா பெரும்பகுதி வடிகட்டில நிக்கிறதுல தான் இருக்கு, அது தான் என் ஆதங்கம்.

ஓட்ஸ் மாதிரி விளம்பரம் இதுக்கு யாரும் பண்ணல, அதனால காஞ்சு போன கெழவிங்க மருந்து மாதிரி ஒரு மூலைல உக்காந்திருக்கு. மனுஷன் மொதல்ல பயிர் பண்ண தானியங்கள்ல இது ஒண்ணு, பத்தாயிரம் வருஷம். பலூசிஸ்தான்ல மெஹர்கர்னு ஒரு எடம், அங்க ஆரம்ப கால விவசாயிங்களோட முக்கிய தானியமே பார்லி தான். ரோம்ல அரங்கத்துல சண்டை போட்ட கிளாடியேட்டருங்களுக்கு பார்லி தின்னிங்கன்னு பட்டப்பேர். ரிக் வேதத்துல வர்ற யவம் இது தான்னு சொல்றாங்க, சிற்ப சாஸ்திரத்துல எட்டு யவம் சேந்தா ஒரு அங்குலம், இங்கிலாந்துலயும் மூணு பார்லி மணிய வரிசையா வெச்சா ஒரு இன்ச். இன்னைக்கும் நீங்க தி.நகர்ல செருப்பு கடைல ஏழாம் நம்பருக்கு பதில் எட்டு கேட்டா கூடுறது ஒரு பார்லி மணி நீளம் தான்!

சமையலுக்கு வரேன். முத்து பார்லிய மூணு நாலு தடவ கழுவணும், மொத தண்ணி அரிசி கழுவின மாதிரி வெள்ளையா போகும். ராத்திரி ஊற வெச்சா காலைல ரெட்டிப்பா இருக்கும். ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி, குக்கர்ல அஞ்சு விசில். குக்கர பாதிக்கு மேல ரொப்பாதீங்க, இது நுரைச்சு விசில் வழியா பொங்கி அடுப்பெல்லாம் பசையாயிடும், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டா கொஞ்சம் அடங்கும். ஊற வெக்காம போட்டா எட்டு விசில் கூட ஆகும். பழுப்பு பார்லி இன்னும் ரெண்டு மூணு ஜாஸ்தி கேக்கும். வெந்ததுக்கு அடையாளம், பல்லுல வெச்சா ஒரு துள்ளல் இருக்கணும், ஆனா நடுவுல மாவு தட்டக்கூடாது.

எங்க வீட்ல நின்னு போனது தயிர் சாதம் தான். ஆற வெச்சு, தயிர் ஊத்தி, இஞ்சி பச்சமொளகா கறிவேப்பிலை தாளிச்சு கொட்டினா அரிசி தயிர் சாதத்த விட எனக்கு இது தான் பிடிக்குது. ஒண்ணு மட்டும், பார்லி தயிர குடிச்சிட்டே இருக்கும், பண்ணும்போது தளதளன்னு இருந்தது மத்தியானம் டிபன் பாக்ஸ தொறந்தா கல்லு மாதிரி இருக்கும், அதனால பாதி தயிர் பாதி பால் ஊத்தி தண்ணியாவே கலந்து விடுங்க. பாசிப்பருப்போட பொங்கல் நல்லா வரும், மிளகு தூக்கலா போட்டா யாரும் அரிசிய தேட மாட்டாங்க. தோசை பரவால்ல, ஒரு பங்கு பார்லி ஒரு பங்கு இட்லி அரிசி அரை பங்குக்கு கொஞ்சம் மேல உளுந்து, முறுகலா வரும். இட்லி எனக்கு சரியா வந்ததே இல்ல, பிசுபிசுன்னு துணில ஒட்டுது, விட்டுட்டேன். சாம்பார் சாதத்துக்கு இத வெக்காதீங்க, ஒட்டவே ஒட்டாது. வடிகட்டின பார்லி மிஞ்சினா வெங்காயம் தேங்கா போட்டு சுண்டல் மாதிரி தாளிச்சிடுங்க, அஞ்சு நிமிஷம். வாணலில நல்லா கறுக்குற அளவுக்கு வறுத்து கொதிக்க வெச்சா ஜப்பான்ல கொரியால வெயிலுக்கு குடிக்கிற பார்லி டீ, காப்பி வாசனை அடிக்கும் ஆனா காஃபின் கெடையாது, ராத்திரி கூட குடிக்கலாம்.

பொடி பத்தி ஒரு வார்த்தை. முழு மணியா வேக வெச்ச முத்து பார்லியோட கிளைசீமிக் இண்டெக்ஸ் (ஒரு சாப்பாடு ரத்தத்துல சர்க்கரைய எவ்வளவு ஏத்துதுங்கிற அளவு) 30-ஐ ஒட்டி தான் இருக்கும், ஆனா அதையே அவலா நசுக்கினாலோ மாவா அரைச்சாலோ நல்லாவே ஏறிடும். சுகருக்காகன்னு பார்லி பவுடர வாங்கி வெல்லம் போட்டு கஞ்சி குடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு மணியா மென்னு சாப்பிடுங்க. அளவும் பாக்கணும், பார்லிலயும் மாவுச்சத்து தான் பெரும்பகுதி, சாதத்துக்கு பதிலா வெக்கணும், சாதத்தோட கூட வெக்கிறது இல்ல. அப்பாவுக்கு சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்து ரீடிங் எறங்கிச்சு, ஆனா அதே சமயம் அவர் சாயங்காலம் ஏரிக்கரைல நடக்கவும் ஆரம்பிச்சார், அதனால எல்லா பேரையும் பார்லிக்கு நான் குடுக்க மாட்டேன். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க சாப்பாட்ட இப்படி பெருசா மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர் காதுல போட்டுடுங்க, மாத்திரை அளவு மாத்த வேண்டி வரலாம்.

யாருக்கு ஜாக்கிரதைன்னா, வயித்துல காத்து பிடிக்கிறவங்க ரெண்டு ஸ்பூன்ல ஆரம்பிங்க, ஐ.பி.எஸ்.னு அடிக்கடி வயித்துவலி, உப்பசம்னு படுத்துற குடல் கோளாறு இருக்குறவங்கள்ல பலருக்கு ஒத்துக்காது. கிட்னி ஃபெயிலியர்னு சொல்லி தண்ணிய அளந்து குடிக்க சொன்னவங்களுக்கு "பார்லி தண்ணி கிட்னிக்கு நல்லது"ன்னு ஜக்கு ஜக்கா குடுக்குறது ஆபத்து, அவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவு தான். கல்லுக்கு பார்லி கல்ல கரைக்குதுன்னு சொல்றத நான் நம்பல, தண்ணி நெறைய போகுறது தான் வேலை செய்யுது, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் யூரின் போகுற அளவுக்கு குடிக்கணும்னு சொல்றாங்க, பார்லி தண்ணியா இருந்தா குடிக்க முடியுதுன்னா குடிங்க. ஆறு மாசத்துக்கு கீழ கொழந்தைக்கு பால்ல பார்லி தண்ணி கலக்குறது அந்த கால பழக்கம், வேண்டவே வேண்டாம், தாய்ப்பால் போதும். மாசமா இருக்குறவங்களுக்கு கால் வீக்கத்துக்கு குடுப்பாங்க, நானும் எட்டாம் மாசத்துல குடிச்சிருக்கேன், ஆனா வீக்கத்தோட தலைவலியோ கண்ணு மங்கலோ இருந்தா அன்னைக்கே போய் பி.பி. பாக்கணும், டம்ளர் எடுத்து வெச்சிட்டு உக்காரக்கூடாது.

கடைசியா அந்த தப்பு. என் தங்கச்சி பொண்ணுக்கு ஆறு வயசு, ரொம்ப நாளா எடை ஏறல, வயிறு மட்டும் உப்பசம், ரத்தம் கம்மி. டெஸ்ட் எடுத்து எண்டோஸ்கோப்பி பண்ணி சீலியாக் (கோதுமைல இருக்குற குளூட்டன்ங்கிற புரதத்தால குடல் கெடுற நோய்)னு சொன்னாங்க, கோதுமை வாழ்நாள் முழுக்க கூடாது. தங்கச்சி வீட்ல எல்லாம் மாத்திட்டாங்க, சப்பாத்தி இல்ல, பிஸ்கெட் இல்ல. லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தா. நான் தான், பார்லி பைத்தியம் பிடிச்சு இருந்த நேரம், "கோதுமை தானடி கூடாது, இது பார்லி"ன்னு தயிர் போட்டு மூணு நாள் குடுத்தேன். பாப்பாவும் "பெரிம்மா இன்னும் வேணும்"னு கேட்டு சாப்பிட்டா. மூணாம் நாள் ராத்திரி வயித்துவலில சுருண்டு படுத்து, வாந்தி, அப்புறம் ஒரு வாரம் பேதி. தங்கச்சி என்ன ஒரு வார்த்த சொல்லல, அது தான் இன்னும் வலிக்குது.

கோதுமைல இருக்குற குளூட்டனோட சொந்தக்கார புரதம் பார்லிலயும் இருக்கு, ஹோர்டின்னு பேர், ரைன்னு இன்னொரு தானியம், அதுலயும் இந்த மாதிரி புரதம் இருக்கு. சீலியாக் இருக்குறவங்களுக்கு மூணுமே வெஷம் மாதிரி, கொஞ்சமா குடுத்தா பரவால்லங்கிறது இல்ல. இது டாக்டர் குடுத்த பேப்பர்லயே எழுதி இருந்தது, நான் கேட்டு வாங்கி படிக்கல. முளைக்க வெச்சு மால்ட் ஆக்கினாலும் போகாது, அதனால பால்ல கலக்குற மால்ட் பவுடருங்க, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்ட கார்ன்ஃபிளேக்ஸ், பீர், மால்ட் வினிகர் எல்லாமே அந்த லிஸ்ட்ல தான். ராகி மால்ட்னு பேர் இருக்குறது எல்லாம் பார்லி இல்ல, அது முளைகட்டின ராகி, ஆனா பாக்கெட்ட திருப்பி படிக்காம வாங்காதீங்க. சத்து மாவுல பார்லி சேக்குறது ரொம்ப சகஜம். நம்ம ஊர் சமையல்ல யாரும் நெனச்சு பாக்காதது பெருங்காயம், கடைல வர்ற கூட்டு பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், ஒரு சிட்டிகை ரசத்துல போட்டாலும் அந்த பொண்ணுக்கு ஆகாது. லேபிள்ல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்குப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது. உங்க வீட்ல யாருக்காவது சந்தேகம் இருந்தா இன்னொண்ணு, நீங்களா கோதுமைய நிறுத்திட்டு அப்புறம் டெஸ்டுக்கு போகாதீங்க, சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தா தான் ரிசல்ட் சரியா தெரியும்.

இப்போ பாப்பா வர்றான்னா அம்மா முந்தின நாளே தனி தோசைக்கல், தனி கரண்டி எடுத்து வெச்சிடுறாங்க. பார்லி டப்பா மேல பரண்ல ஏறிடும். அதுல ஒரு வெள்ள பேப்பர் ஒட்டி இருக்கு, அம்மா கையெழுத்துல, "பாப்பாவுக்கு கிடையாது". அவ ஊருக்கு போன மறுநாள் அது கீழ எறங்கும், தண்ணி எங்க எல்லாருக்கும் டம்ளர்ல, வெந்த பார்லி அப்பா தட்டுல.